பிடியரிசி

ஆழாக்கு, உழக்கு, நாழி, படி என்று நாம் அரிசி அளந்த பெயர்கள் பாத்திரங்களைச் சேர்ந்தவை. பிடி கையைச் சேர்ந்தது. பிடித்தல் என்ற வினையே பெயராகி, விரல்களை மடக்கினால் உள்ளே எவ்வளவு நிற்குமோ அவ்வளவு என்றாயிற்று. படிக்கு முத்திரை குத்தலாம். பிடிக்கு யார் குத்துவது? கை பெரியவள் பிடி பெரிது, சின்னவள் பிடி சிறிது. அதைக் குறைவு என்று எவரும் தராசில் வைத்துக் காட்ட முடியாது.

சோற்றுக்கென்று அளந்தெடுத்த அரிசியிலிருந்து, உலையிடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவது பிடியரிசி. மூட்டையிலிருந்து எடுப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அன்றைய சாப்பாட்டில்தான் அந்தப் பிடி குறைகிறது. வழக்கம் எந்த ஒரு சமயத்துக்கும் தனிச்சொத்தல்ல. கைப்பிடி அளவு ஈகையைத் திருமூலர் பாடியிருக்கிறார். காஞ்சிப் பெரியவரின் பிடி அரிசித் திட்டத்தை அறியாதவர் குறைவு.

தேவாலயத்துக்குள் இச்சொல் வந்தபோது அதற்கு வேதாகமத்திலும் ஓர் இடம் இருந்தது. எலியா அப்பம் கேட்டபோது சாறிபாத் விதவையின் பானையில் மிஞ்சியிருந்தது ஒரு பிடி மாவு. எபிரெய மூலத்தில் அங்கே வரும் ‘கஃப்’ உள்ளங்கையைக் குறிக்கும். லேவியராகமத்தில் போஜனபலி மாவிலிருந்து ஆசாரியன் எடுப்பதும் ஒரு கைப்பிடிதான். ஆனால் அந்தப் பிடிக்கு அங்கே ‘கோமெஸ்’ என்று வேறு சொல். பலிபீடத்துக்கு ஒன்று, அடுக்களைக்கு ஒன்று. தமிழில் இரண்டுக்கும் பிடியே போதுமானதாக இருக்கிறது. நமக்கு அது வசதி என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேரளத்தில் இது பிடியரி. நம் அரிசி மலையாளத்தில் அரி. கோட்டயத்துக்கு அருகே மன்னானத்தில் 1846-இல் சமஸ்கிருதப் பள்ளி தொடங்கிய குரியாக்கோஸ் எலியாஸ் சாவறா, ஏழைப் பிள்ளைகளின் மதிய உணவுக்கு வழியாகக் கண்டது வீட்டுப் பெண்கள் ஒதுக்கும் இந்தப் பிடியரியைத்தான். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 2014-இல் அவரைப் புனிதராக அறிவித்தார்கள்.

சொல்லும் செயலும் மிக ஆழமாக வேர்விட்ட இடம் மிசோரம். அங்கே பெயர் ‘புஃபாய் தாம்’: புஃபாய் என்றால் உமி நீங்கிய அரிசி, தாம் என்றால் கைப்பிடி. உறுப்புக்கு உறுப்பு நம் சொல்லேதான், வரிசை மட்டும் தலைகீழ். கடன் வாங்கிய சொல்லல்ல. சோறு தின்னும் ஊர்களில் கை ஒரே மாதிரி யோசித்திருக்கிறது. 1894-இல் மிஷனரிகள் வந்துசேர்ந்த அந்த மலைநாட்டில், 1910 வாக்கிலேயே பெண்கள் சமைக்கும் வேளைதோறும் ஒரு பிடி ஒதுக்கத் தொடங்கிவிட்டார்கள். சபைப் பெண்கள் வீடு வீடாகப் போய்த் திரட்டுவார்கள். அதை விற்ற பணம் ஊழியத்துக்குப் போகும். காசு அவர்கள் கையில் புழங்கவில்லை, அரிசி புழங்கியது. காணிக்கைப் பையில் போட ஒன்றுமில்லாதவள் ஒரு மிஷனரியின் சம்பளத்தில் பங்காளியானாள். அதற்கு அவள் அடுப்பைவிட்டு நகரவும் வேண்டியிருக்கவில்லை. வேலை வேறு, பக்தி வேறு என்று பிரித்துப் பேசும் பிரசங்கிகள் இந்தப் பெண்களிடம் கொஞ்சம் பாடம் கேட்டிருக்கலாம்.

இப்படித் திரண்ட அரிசியில் ஒரு சங்கடமும் உண்டு. பழையதும் புதியதும், சன்னமும் மோட்டாவும் கலந்து கிடக்கும். ஒரே பதத்தில் வேகாது. கஞ்சிக்கும் மாவுக்கும் ஆகும், விருந்துக்கு ஆகாது.

பிடியிலிருந்து தமிழில் இன்னொரு சொல்லும் கிளைத்தது: பிடித்தம். சம்பளம் கைக்கு வருமுன் அலுவலகம் கழித்துக்கொள்வது. பிடியரிசியும் ஒரு முன்கழிவுதான். ஆனால் கழிப்பது சமைப்பவளின் சொந்தக் கை. மாதச் சம்பளக்காரர்கள் நிறைந்த நகரத்துச் சபைகளில் கலயத்தின் இடத்துக்கு உறையும் ரசீதும் வந்துவிட்டன. கணக்கு எழுதுகிறவருக்கு அது எளிது.