லினக்ஸில் டி டிரைவ் எங்கே? ஒரு ஹார்ட் டிஸ்க் வரலாறு

லினக்ஸ் கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு ஹார்ட் டிஸ்க்கை மாட்டியவர்கள் கேட்கிற முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "டிஸ்க் எங்கேப்பா?" கேபிள் சரியாக இருக்கும். பயாஸில் டிஸ்க்கின் பெயரும் அளவும் தெரியும். காதை வைத்துக் கேட்டால் சுற்றுகிற சத்தம்கூடக் கேட்கும். ஆனால் லினக்ஸ் உள்ளே போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. சி-க்குப் பக்கத்தில் டி, இ என்று எதுவும் முளைத்திருக்காது.

நம்ம வகுப்பில் சில பேர் இதையே "லினக்ஸ் வேலைக்கு ஆகாது" என்பதற்குச் சாட்சியாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இது கோளாறே இல்லை, ஐம்பது வருடத்துக்கு மேலான ஒரு பழக்கம். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால், டிஸ்க்கை வேலை செய்யவைக்கும் கட்டளைகளை மனப்பாடம் செய்யவே வேண்டாம். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

இதில் படாளத்துக்காரனுக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். செங்கல்பட்டைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் வருகிறவர்களுக்கு எங்கள் ஊர் என்றால் சர்க்கரை ஆலையும், வேடந்தாங்கலுக்குத் திரும்புகிற கூட்டுரோடும்தான். ஆனால் இங்கேயும் 2011-க்குப் பிறகு பல வீடுகளுக்கு லினக்ஸ் வந்தது. அந்த வருடம் செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. எங்கள் வீட்டில் அக்காவுக்கு வந்த லேப்டாப்பிலும் இரண்டும் இருந்தன. ஒன்றை எல்லோரும் பயன்படுத்தினார்கள். இன்னொன்றை யாரும் தொடவில்லை. தொட்டவர்கள் முதலில் முட்டிக்கொண்ட இடங்களில் ஒன்று, இந்த "டிஸ்க் எங்கே" என்கிற இடம்.

சரி, கதைக்கு வருவோம்.

டிரைவுக்கு எழுத்து வைக்கிற வழக்கத்தைச் சின்னக் கம்ப்யூட்டர்களுக்குக் கொண்டுவந்தது 1974-இல் கேரி கில்டால் எழுதிய சிபி/எம். அப்போது சின்னக் கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் கிடையாது, ஃபிளாப்பிதான். ஒரு ஃபிளாப்பி டிரைவ் ஏ, இன்னொன்று பி. 1981-இல் வந்த டாஸ் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. 1983-இல் ஐபிஎம் தன்னுடைய பிசி எக்ஸ்டி-யில் 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க் வைத்து விற்றபோது, ஏ-யும் பி-யும் ஃபிளாப்பிக்குப் போய்விட்டதால் ஹார்ட் டிஸ்க்குக்கு சி கிடைத்தது. ஃபிளாப்பி ஒழிந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இன்னும் விண்டோஸ் சி-யில்தான் தொடங்குகிறது! பழைய குடித்தனக்காரர் காலி செய்துவிட்டுப் போன பிறகும் அவருடைய அறைகளைப் பூட்டியே வைத்திருக்கிற வீடு மாதிரி.

யுனிக்ஸ் குடும்பத்தில் கதை வேறு. 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யுனிக்ஸில் டிஸ்க்குக்கு எழுத்து கிடையாது. இருப்பது ஒரே ஒரு மரம். அதன் வேர் ஒரு சாய்கோடு. எத்தனை டிஸ்க் வந்தாலும் அந்த மரத்தில் எங்கோ ஒரு கிளையில் ஒட்டவைக்க வேண்டும். 1971 நவம்பரில் வந்த யுனிக்ஸின் முதல் கையேட்டிலேயே 'மவுண்ட்' கட்டளை இருக்கிறது. அன்றைக்கு மவுண்ட் என்பது உவமை கிடையாது. பெரிய தட்டு மாதிரி இருக்கும் டிஸ்க் பேக்கை ஆள் போய்த் தூக்கி டிரைவில் பொருத்தினால்தான் வேலை நடக்கும். தமிழில் இதை 'ஏற்றுதல்' என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். நல்ல சொல்தான். கரும்பை ஆலைக்கு ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு உடனே பிடித்துப்போனது.

லினக்ஸில் யூஎஸ்ஆர் என்று ஒரு டைரக்டரி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இப்படி ஒட்டிய இரண்டாவது டிஸ்க்தான். அன்றைய டிஸ்க் ஒன்றின் கொள்ளளவு இன்றைய ஒரு செல்போன் புகைப்படம் அளவு. முதல் டிஸ்க்கில் சிஸ்டம், இரண்டாவதில் பயனர்களின் கோப்புகள், அதனால் அதற்கு யூஎஸ்ஆர் என்று பெயர். முதல் டிஸ்க் நிரம்பி வழிந்ததும் சிஸ்டத்தின் ஒரு பகுதியை இரண்டாவதில் கொண்டுபோய் வைத்தார்கள். பயனர்கள் பிறகு வேறு டிஸ்க்குக்குக் குடிபோனார்கள். பெயர் மட்டும் தங்கிவிட்டது.

ஆக, "புது டிஸ்க்கை எந்தக் கிளையில் ஒட்டுவது என்று நீயே சொல்" என்பதுதான் யுனிக்ஸ் குடும்பத்தின் பதில். நாம் சொல்லாதவரை அது பேசாமல் இருக்கும்.

இப்போது லினக்ஸ். 1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட அந்தப் புகழ்பெற்ற அறிவிப்பில் ஹார்ட் டிஸ்க்கைப் பற்றியும் பேசியிருந்தார். ஏடி வகை ஹார்ட் டிஸ்க்கைத் தவிர வேறு எதற்கும் இது அநேகமாக என்றைக்கும் ஆதரவு தராது, ஏனென்றால் என்னிடம் இருப்பது அது ஒன்றுதான் என்கிற பொருளில். (இன்று உலகத்தில் உள்ள எந்த டிஸ்க்கையும் லினக்ஸில் மாட்டலாம் என்கிற நிலையில் இதைப் படித்தால் சிரிப்பு வரும்.) அதே வருடக் கடைசியில் ஒரு விபத்து. மோடத்துக்குப் போக வேண்டிய டயல் கட்டளையை, சாதனத்தின் பெயரை மாற்றி அடித்து, ஹார்ட் டிஸ்க்குக்கு அனுப்பிவிட்டார். அவருடைய மினிக்ஸ் பார்ட்டிஷன் அழிந்துபோனது. மறுபடி மினிக்ஸைப் போடலாமா என்று யோசித்து, வேண்டாம், இனி லினக்ஸே போதும் என்று முடிவு செய்தார். லினக்ஸ் சொந்தக் காலில் நின்றதில் ஒரு தவறான டிஸ்க் பெயருக்கும் பங்கு உண்டு!

பெயர் என்றேன் இல்லையா, உண்மையான தலைவலி அங்கேதான். எழுத்து வேண்டாம் என்றாலும் டிஸ்க்கை அடையாளம் சொல்ல ஏதோ ஒரு பெயர் வேண்டுமே. அந்தக் கால மதர்போர்டில் இரண்டு ஐடிஇ கேபிள், ஒவ்வொன்றிலும் இரண்டு சாதனம். முதல் கேபிளின் மாஸ்டர் ஹெச்டிஏ, ஸ்லேவ் ஹெச்டிபி, இரண்டாவது கேபிளில் ஹெச்டிசி, ஹெச்டிடி. டிஸ்க்கின் பின்பக்கம் ஒரு குட்டி ஜம்பரை இடம் மாற்றி மாஸ்டரா ஸ்லேவா என்று தீர்மானிக்க வேண்டும். அதாவது, பெயர் டிஸ்க்குக்கு உரியது இல்லை, அது உட்கார்ந்திருக்கிற நாற்காலிக்கு உரியது. நாற்காலி மாறினால் பெயர் மாறும். துவக்கத்தில் எந்த டிஸ்க்கை எங்கே ஒட்டுவது என்று எழுதி வைக்கிற எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய பெயர் இருந்தால், அடுத்த முறை சிஸ்டம் பாதி வழியில் நின்றுவிடும்.

இது போதாது என்று 2006-07 வாக்கில் கெர்னலில் ஒரு மாற்றம் வந்தது. ஐடிஇ டிஸ்க்குகளையும் ஸ்கசி டிஸ்க்குகளைப் போலவே கையாளும் புது டிரைவர்கள் வந்தன. உபுண்டு 7.04, ஃபெடோரா 7 போட்டவர்களுக்கு ஹெச்டிஏ ஒரே இரவில் எஸ்டிஏ ஆகிவிட்டது. எது எஸ்டிஏ, எது எஸ்டிபி என்பதும் கெர்னல் எந்த டிஸ்க்கை முதலில் கண்டுபிடிக்கிறது என்பதைப் பொறுத்தது. இன்றைக்கும் அப்படித்தான். ஒரு பென் டிரைவ் செருகியிருந்தால்கூட வரிசை மாறலாம்.

தமிழ்நாட்டில் அரசு லினக்ஸ் பக்கம் திரும்பியதும் இதே சமயத்தில்தான் என்பது கவனிக்க வேண்டியது. எல்காட் நிறுவனத்துக்கு உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது அலுவலகக் கணினிகள் சூசே லினக்ஸுக்கு மாறின. டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸை சென்னை சி-டாக் 2007 ஜனவரியில் வெளியிட்டது. 1998 முதல் இயங்கிவந்த சென்னை லினக்ஸ் பயனர் குழுவின் மாதக் கூட்டம் ஐஐடி வளாகத்தில் நடந்தது. அங்கே போக முடிந்தவர்களுக்குக் கேட்க ஆள் இருந்தது. படாளம் மாதிரி ஊரிலிருந்து ரயிலேறிப் போய்க் கேட்பது எத்தனை பேரால் முடியும்? 2012-இல் 'கணியம்' இதழ் தமிழில் வர ஆரம்பித்தது என் பார்வையில் பெரிய விஷயம், லேப்டாப்பை விடவும் பெரியது.

பெயர்த் தொல்லைக்குத் தீர்வு யுயுஐடி. ஃபார்மட் செய்யும்போதே ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் 32 இலக்கங்கள் கொண்ட ஒரு தனி எண் உள்ளே எழுதப்படுகிறது. நாற்காலி மாறினாலும் இது மாறாது. எஃப்எஸ்டேப்பில் எஸ்டிபி1 என்று எழுதாமல் இந்த எண்ணை எழுதச் சொல்வதன் காரணம் இதுதான். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் ஏமாற்றாது.

அடுத்தது ஃபார்மட். லினக்ஸ் முதலில் மினிக்ஸின் கோப்பு முறையையே கடன் வாங்கியிருந்தது. 64 மெகாபைட்டுக்கு மேல் தாங்காது, கோப்பின் பெயர் 14 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. 1992-இல் பிரான்சைச் சேர்ந்த ரெமி கார்ட் 'எக்ஸ்ட்' எழுதினார், 1993-இல் எக்ஸ்ட்2. அதில் ஒரு குறை. மின்சாரம் போய் கம்ப்யூட்டர் அணைந்துவிட்டால், அடுத்த முறை முழு டிஸ்க்கையும் சோதித்த பிறகுதான் உள்ளே விடும். 2001-இல் கெர்னலுக்குள் வந்த எக்ஸ்ட்3, செய்யப்போவதை முன்கூட்டியே ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கும் முறையைச் சேர்த்தது. மின்சாரம் போனாலும் குறிப்பேட்டைப் பார்த்து நொடிகளில் எழுந்துவிடும். 2008 டிசம்பரில் எக்ஸ்ட்4. 2012-இல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போன காலத்தை நினைத்துப் பாருங்கள். எக்ஸ்ட்2-வோடு அந்த வருடத்தைக் கடந்திருந்தால் லினக்ஸ் மேல் எல்லோருக்கும் வெறுப்புதான் வந்திருக்கும்.

இதெல்லாம் தெரிந்த பிறகு வேலை எளிது. எல்எஸ்பிஎல்கே என்று அடித்தால் டிஸ்க்குகளின் பட்டியல் வரும். அளவை வைத்துப் புது டிஸ்க் எது என்று அடையாளம் காணுங்கள், இரண்டு முறை பாருங்கள் (லினஸ் கதை ஞாபகம் இருக்கட்டும்). எஃப்டிஸ்க்கில் பார்ட்டிஷன். 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்க் என்றால் ஜிபிடி அட்டவணைதான், பழைய எம்பிஆர் அதற்கு மேல் எண்ணாது. பிறகு எம்கேஎஃப்எஸ் கட்டளையால் எக்ஸ்ட்4 ஃபார்மட். ஒரு காலி டைரக்டரியை உண்டாக்கி அதில் மவுண்ட். பிஎல்கேஐடி காட்டுகிற யுயுஐடி-யை எடுத்து எஃப்எஸ்டேப்பில் ஒரு வரி. அந்த வரியில் 'நோஃபெயில்' சேர்த்துவிட்டால் டிஸ்க் இல்லாத நாளிலும் கம்ப்யூட்டர் நிற்காமல் எழும். ஃபார்மட் ஆன டிஸ்க் என்றால் இன்றைய டெஸ்க்டாப்களில் ஃபைல் மேனேஜரின் ஓரத்திலேயே வந்துவிடும், க்ளிக் செய்தால் போதும். ஆனால் ஒவ்வொரு முறையும் தானாக வர வேண்டுமென்றால் அந்த ஒரு வரி வேண்டும்.

இதற்குப் பிறகும் இரண்டு திகைப்பு பாக்கி. ஒன்று, புது டிஸ்க்கில் எதையும் எழுத முடியாது. அதன் உரிமையாளர் ரூட், ச்சௌன் கட்டளையால் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். இரண்டு, 1 டெராபைட் வாங்கினால் 931 ஜிபி என்று காட்டும் (கடைக்காரர் ஆயிரத்தால் பெருக்குகிறார், கம்ப்யூட்டர் 1024-ஆல்). அதிலும் 5 சதவீதத்தை எக்ஸ்ட்4 ரூட்டுக்காக ஒதுக்கிக்கொள்ளும். படமும் பாட்டும் வைக்கிற டிஸ்க்குக்கு அது தேவையில்லை, டியூன்2எஃப்எஸ்-ஸில் பூஜ்யம் ஆக்கிவிடலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இந்த டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸில் மாட்டினால், "பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா?" என்று கேட்கும். டிஸ்க் காலி என்று அதற்கு அர்த்தம் இல்லை. விண்டோஸுக்கு எக்ஸ்ட்4 படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். அந்த இடத்தில் சரி என்று அழுத்தினால் எல்லாம் போச்சு. லினக்ஸ் இந்த விஷயத்தில் பெருந்தன்மையானது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ்-ஸில் எழுத 2007-லேயே என்டிஎஃப்எஸ்-3ஜி வந்துவிட்டது, 2021-இல் கெர்னலுக்குள்ளேயே ஒரு டிரைவர் சேர்ந்தது.

கடைசியாகப் பெயர். யுயுஐடி பிடிக்காதவர்கள் டிஸ்க்குக்கு லேபிள் வைக்கலாம், தமிழிலும் வைக்கலாம். ஆனால் எக்ஸ்ட்4-இல் லேபிளுக்கு இடம் 16 பைட்தான். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். "படாளம்" என்பதில் ப, ட, கால், ள, ம, புள்ளி என்று ஆறு குறியீடு, மொத்தம் 18 பைட். மகரத்தோடு இடம் முடிந்துவிடுகிறது, புள்ளிக்கு இடமில்லை. என்டிஎஃப்எஸ்-ஸில் 32 எழுத்து வரை போகலாம், அதில் எங்கள் ஊர் முழுதாக இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் விண்டோஸுக்கு ஒரு மார்க் கொடுத்துத்தான் ஆக வேண்டும். என் டிஸ்க்குக்கு இப்போது "ஏரி" என்று பெயர். 9 பைட், வசதியாக அடங்கிவிட்டது.