ஆளற்ற மலை என்னும் எழுத்து: நீலகிரிப் புல்வெளியும் இயற்கை மேலாண்மையும்

ஆய்வுச் சுருக்கம்

நீலகிரி மேட்டுநிலப் புல்வெளி, 19ஆம் நூற்றாண்டு முதல் பயண எழுத்து, வருவாய்ப் பதிவு, வனத்துறை ஆவணம் ஆகியவற்றில் பெரிதும் ஆளற்ற நிலமாகவே விவரிக்கப்பட்டது. அவ்விவரிப்பு நிலம் குறித்த முடிவுகளை எவ்வாறு வழிநடத்தியது என்பதையும், இன்றைய மீட்டுருவாக்க முயற்சிகளில் அது எவ்வடிவில் தொடர்கிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நீலகிரி, சோலைக்காடு, புல்வெளி, தோடர், தரிசு, வனச் சட்டம்.

முன்னுரை

தமிழ்த் திணைமரபில் நிலம் தனித்து நிற்பதில்லை. காடு மட்டும் முல்லையாகாது. ஆயரும் ஆநிரையும் மாயோனும் சேர்ந்ததே முல்லை. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு தொழிலையும் கருப்பொருளாகவே தொல்காப்பியம் வகுக்கிறது. மனிதர் கைபடாத இயற்கையே தூய இயற்கை என்னும் கருத்து இதற்கு நேர் மாறானது. அக்கருத்து வரலாற்றில் உருவாக்கப்பட்டது என்பதை வில்லியம் குரோனன் 1995இல் விளக்கினார். அதற்கு முன்பே, 1989இல், இந்தியா போன்ற நாடுகளில் அக்கருத்தைப் பின்பற்றுவது ஏழை மக்களின் வாழ்வாதாரத்தைப் பறிக்கும் என்று ராமச்சந்திர குஹா சுட்டிக்காட்டினார். இவ்விவாதத்தை ஒரு குறிப்பிட்ட நிலத்தில் வைத்துச் சோதிக்க நீலகிரி தக்க களமாகும்.

நிலமும் மக்களும்

நீலகிரியின் உயர்பகுதியில் பள்ளத்தாக்குகளில் சோலைக்காடும் சரிவுகளில் புல்வெளியும் மாறிமாறி அமைந்துள்ளன. காடு அழிந்த இடத்தில் எஞ்சியதே புல் என்று கருதுவது எளிது. எனினும் நீலகிரிக் கரிச்சேற்றுப் படிவுகளின் கார்பன் ஐசோடோப்புகளை ஆராய்ந்து 1993இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளின் தாவர வரலாற்றைப் புலப்படுத்தியது. தட்பவெப்பம் மாறுந்தோறும் புல்லும் மரமும் முன்பின்னாக நகர்ந்துள்ளன என்பதும், புல்வெளி மிகத் தொன்மையானது என்பதும் அதனால் தெளிவாயின. உறைபனி மரக்கன்றுகளை அழிப்பதும் புல்வெளி நிலைப்பதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது.

இயற்கையில் அமைந்த இப்புல்வெளி மனிதப் பயன்பாட்டுக்கும் உட்பட்டிருந்தது. தோடர் எருமை மேய்த்தனர்; புதுப்புல் தழைக்கும் பொருட்டு உலர்பருவத்தில் புல்லுக்குத் தீ வைத்தனர். படகர் வேளாண்மையும் கோத்தர் கைவினையும் குறும்பரின் காட்டுப்பொருளும் தோடரின் பால்பொருளும் பரிமாற்ற உறவால் இணைந்திருந்தன. உதகமண்டலத்தின் ஆங்கில வடிவத்தில் ஈற்றில் நிற்கும் ‘மண்ட்’ என்பதும் தோடர் குடியிருப்பைக் குறிக்கும் ‘மந்து’ என்னும் சொல்லே.

‘தரிசு’ என்னும் சொல்

கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு வந்தபின் ஐரோப்பியர் குடியேற்றம் தொடங்கியது. வந்தவர்கள் அப்புல்வெளியில் இங்கிலாந்தின் மேய்ச்சல் மேடுகளைக் கண்டனர். பின்னாளில் அதன் ஒரு பகுதி ஆளுநர் வென்லாக் பெயரால் ‘வென்லாக் டவுன்ஸ்’ எனப்பட்டது. தாயகத்தை நினைவூட்டிய நிலத்தில் வேறொருவரின் தாயகம் கண்ணில் படவில்லை.

வருவாய் நிர்வாகத்தின் பார்வை வேறு. உழாத நிலம் அதன் கணக்கில் தரிசு. மேய்ச்சலும் தீயிடலும் வழிபாடும் வரிக்குரிய பயன்பாடாக எண்ணப்படாததால் உரிமைக்கும் சான்றாகவில்லை. ஆயினும் குடியேற்ற அரசு ஒரே குரலில் பேசியதாகக் கொள்வது பிழை. நிலம் தோடருக்கே உரியது என்று சல்லிவன் வாதிட்டார். ஆளுநர் லஷிங்டன் அதனை மறுத்தார். இறுதியில் நிர்வாகம் மேய்ச்சல் உரிமையை ஏற்றது. நில உடைமையை ஏற்கவில்லை. உடைமை மறுக்கப்பட்டபின் மேய்ச்சல் உரிமை அரசின் சலுகையாகச் சுருங்குவதற்கு நெடுங்காலம் தேவைப்படவில்லை.

மரமின்மை ஒரு குறையாதல்

1856இல் சென்னை மாகாண வனப் பாதுகாப்பு ஹியூ கிளெகார்ன் தலைமையில் ஒழுங்கமைக்கப்பட்டது. உதகையின் விறகுத் தேவைக்காகச் சோலைகள் வெட்டப்பட்ட நிலையில், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த தைலமரமும் சீகை மரமும் தீர்வாக முன்வைக்கப்பட்டன. அவை நடப்பட்ட இடங்களில் புல்வெளியும் அடங்கும். வனத்துறையின் மொழியில் புல்வெளி, மரமில்லாத வெற்றிடமாகக் குறைகொண்டு நின்றது.

1879ஆம் ஆண்டின் நீலகிரி வேட்டைவிலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை முறைப்படுத்தியது. அதன் பின்னணியில் ஐரோப்பிய வேட்டைக்காரர்களின் சங்கம் இருந்தது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் ஒதுக்குக்காடுகளில் மேய்ச்சலையும் தீயிடலையும் கட்டுப்படுத்தியது. புல்வெளியைப் பேணிய செயல்களே குற்றங்களாயின. விடுதலைக்குப் பின்னரும் இப்பார்வை மாறவில்லை. தோல் பதனிடும் தொழிலுக்கும் செயற்கைப் பட்டிழைத் தொழிலுக்கும் வேண்டிய மூலப்பொருளுக்காகப் புல்வெளிகள் மேலும் தோட்டங்களாயின.

காப்பகமும் மீட்டுருவாக்கமும்

1986இல் நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் அமைந்தது. வரையாட்டின் வாழிடமான முக்குருத்தி 1990இல் தேசியப் பூங்காவாயிற்று. பயனற்றதெனக் கருதப்பட்ட புல்வெளி இப்போது அரிய வாழிடமாக மதிக்கப்பட்டது. மதிப்பீடு தலைகீழானபோதும் மனிதர் இடம்பெறாமை மட்டும் மாறவில்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தேசியப் பூங்காவில் கால்நடை மேய்ச்சலை அனுமதிப்பதில்லை. தோடர் நம்பிக்கையிலோ முக்குருத்திச் சிகரம் இறந்தோர் உலகுக்குச் செல்லும் வழியோடு தொடர்புடைய புனித இடம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இம்முரணைச் சட்டத்தளத்தில் பேசுவதற்கு வழி திறந்துள்ளது.

இன்று அயல்மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்கும் பணிகள் நடைபெறுகின்றன. எந்த நிலையை மீட்பது என்னும் வினா வரலாற்றைச் சார்ந்தது. ஆளற்ற வெளி என்னும் பழைய விவரிப்பையே தொடக்கநிலைச் சான்றாகக் கொண்டால், மீட்கப்படுவது 19ஆம் நூற்றாண்டின் ஒரு கற்பனையாகவே அமையும். அதே வேளையில், தோடரைத் தவறிழைக்காத இயற்கைக் காவலராகப் போற்றுவதும் அவர்களை வரலாற்றுக்கு வெளியே நிறுத்துவதேயாகும். தீயிடலின் காலம், அளவு, இடைவெளி ஆகியன குறித்த அவர்களின் அறிவு, பிற சான்றுகளைப் போலவே ஆய்வுக்கு உட்பட வேண்டியது.

முடிவுரை

அழகிய வெளி, தரிசு, மரமற்ற இடம், தூய வாழிடம் என நீலகிரிப் புல்வெளி நான்கு பெயர்களைப் பெற்றுள்ளது. பெயர் மாறுந்தோறும் மேலாண்மை மாறியது; மேய்ப்பவர் மட்டும் எப்பெயரிலும் இடம்பெறவில்லை. எனவே இயற்கை பற்றிய எழுத்தை நிலத்தின் நேரடிச் சான்றாகக் கொள்வதற்கு முன், அது யாருடைய தேவைக்காக எழுதப்பட்டது என்று வினவுவது இன்றியமையாதது. மந்துகளின் இடப்பெயர்களும் மேய்ச்சல் தடங்களும் வழிபாட்டிடங்களும் மீட்டுருவாக்கத் திட்டங்களின் வரைபடத்தில் சேரும்போதே அவ்வினா நடைமுறைப் பயன் பெறும்.