வைக்கோல் கேட்ட துறவி

1223ஆம் ஆண்டு. கிறிஸ்துமஸுக்கு இன்னும் 15 நாள் இருந்தது. இத்தாலியில் கிரேச்சோ என்ற மலைக்கிராமத்தில் ஜியோவான்னி என்ற பெரிய மனிதரைத் துறவி ஒருவர் அழைத்தார். பணக்கார வணிகரின் மகனாகப் பிறந்து, எல்லாவற்றையும் உதறிவிட்டு வெறுங்காலோடு ஊர் ஊராக நடந்தவர் அவர். பெயர், அசிசியின் பிரான்சிஸ். பொன்னோ பொருளோ அவர் கேட்கவில்லை. கொஞ்சம் வைக்கோல், ஒரு தீவனத் தொட்டி, ஒரு மாடு, ஒரு கழுதை. எதற்கு?

பிரான்சிஸின் மனதை ஒரு பழைய பயணம் அரித்துக்கொண்டிருந்தது. ரோமப் பேரரசர் குடிக்கணக்கு எடுக்கச் சொன்னார். அவரவர் சொந்த ஊருக்குப் போய்ப் பெயரைப் பதிய வேண்டும் என்பது கட்டளை. நிறைமாதக் கர்ப்பிணியான மனைவி மரியாளை அழைத்துக்கொண்டு நாசரேத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் கடந்து, தன் முன்னோரின் ஊரான பெத்லகேமுக்குப் போனார் சூசையப்பர். சொந்த ஊர்தான். ஆனால் சத்திரத்தில் இடமில்லை. அங்கே பிறந்த பிள்ளை இயேசுவைத் தீவனத் தொட்டியில் கிடத்தினார்கள். அந்த ஏழ்மையைக் காதால் கேட்டது போதும், கண்ணால் பார்க்க வேண்டும் என்று பிரான்சிஸ் தவித்தார். அதில் ஒரு சிக்கலும் இருந்தது. பூசை நடக்கும் இடத்தில் மாட்டையும் கழுதையையும் கட்டினால் பழி வராதா?

அதனால் திருத்தந்தையிடம் முதலிலேயே அனுமதி வாங்கிக்கொண்டார். டிசம்பர் 24 இரவு, மெழுகுவர்த்தியும் தீப்பந்தமும் ஏந்தி மலையேறி வந்தார்கள் ஊர் மக்கள். காடே வெளிச்சமானது. தொட்டியில் வைக்கோல் மட்டுமே இருந்தது, பொம்மை எதுவும் இல்லை. பிரான்சிஸ் உருகி உருகிப் பேசியபோது, அந்த வைக்கோலில் ஒரு குழந்தை உறங்குவதையும் அவர் அதை எழுப்புவதையும் அங்கிருந்த ஒருவர் கண்டதாக, பிரான்சிஸின் வரலாற்றை முதலில் எழுதிய செலானோ தாமஸ் குறித்துவைத்தார். மிஞ்சிய வைக்கோலைத் தின்ற நோயுற்ற மாடுகள் பிழைத்தன என்றும் எழுதினார். மூன்றே ஆண்டில் பிரான்சிஸ் மறைந்தார். அந்த இரவும் அவரோடு மறைந்துபோயிருக்க வேண்டும்.

மறையவில்லை. சுமார் 1291இல் ரோமின் புனித மரியா பேராலயத்துக்காகச் சிற்பி ஆர்னோல்போ தி காம்பியோ அந்தக் காட்சியைக் கல்லில் வடித்தார். 1562இல் இயேசு சபைக் குருக்கள் பிராகா நகரக் கோயிலில் சுரூபங்களை வைத்து அதை அமைத்தார்கள். கோயிலுக்குக் கோயில் அது பரவியது. நேப்பிள்ஸ் நகரில் செல்வர்கள் போட்டி போட்டுக்கொண்டு, பட்டுடுத்திய நூற்றுக்கணக்கான பொம்மைகளோடு அரங்குகளையே கட்டினார்கள். ஏழைக் குழந்தையின் தொழுவம் பணக்காரர்களின் கண்காட்சியானது. அந்த நேரத்தில் ஓர் இடி விழுந்தது.

1782இல் ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசர் இரண்டாம் ஜோசப், கோயில்களில் இந்தக் காட்சி கூடாது என்று தடை போட்டார். பிரான்சிலோ புரட்சி வெடித்து, 1793 வாக்கில் கோயில்களே மூடப்பட்டன. பெத்லகேமில் இடமில்லாமல் போனவர்களுக்குக் கோயிலிலும் இடமில்லாமல் போனது. கதை இங்கே முடிந்துவிட்டதா?

இங்கேதான் திரும்பியது. கோயிலில் வைக்க முடியாததை மக்கள் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். மார்செய் நகரில் ழான் லூயி லாஞ்ஞெல் என்ற கலைஞர், அச்சில் களிமண்ணை அழுத்திச் சின்னச் சின்னப் பொம்மைகளைச் செய்தார். ஏழையும் வாங்கக்கூடிய விலை. குழந்தையைப் பார்க்க மீன்காரரும் தண்ணீர் சுமப்பவரும் அந்த ஊர் உடையிலேயே வந்து நின்றார்கள். 1803இல் அந்தப் பொம்மைகளுக்கென்றே மார்செயில் சந்தை கூடியது. ஒழிக்க வந்த தடை, காட்சியை வீட்டுக்குள் குடியேற்றிவிட்டது. ஆனால் பாறைக் குகையும் மரக்கொட்டிலுமாக இருந்த அது தமிழ்நாட்டுக்கு வந்தபோது உருமாறியது.

பிராகாவில் சுரூபம் வைத்த அதே இயேசு சபையின் குருக்கள்தான் மதுரை மறைப்பணிக்கும் வந்தவர்கள். புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலையை அடுத்த ஆவூரில், 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர்களில் ஒருவரான புஷே அடிகளார் கோயில் எழுப்பினார். வீரமாமுனிவரும் அங்கே பணியாற்றினார். அவர் பாடிய தேம்பாவணிக்குப் பாட்டுடைத் தலைவர் யார்? சொந்த ஊரில் இடம் தேடி அலைந்த அதே சூசையப்பர். பெத்லகேமின் தொழுவத்துக்கு இந்த மண் தென்னங்கீற்றால் கூரை வேய்ந்தது. மதுரையை அடுத்த விளாச்சேரியில் கொலு பொம்மை செய்யும் கைகளே கார்த்திகை, மார்கழியில் மாதாவையும் சூசையப்பரையும் இடையர்களையும் செய்தன. பெயரும் தமிழிலேயே அமைந்தது: குடில்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், ஆவூர்ப் பக்கத்து வீடுகளுக்குச் சென்னையிலிருந்து ரயிலிலும் சிங்கப்பூரிலிருந்து விமானத்திலும் பிள்ளைகள் திருச்சி வந்து இறங்குகிறார்கள். பரணிலிருந்து பெட்டி இறங்குகிறது. போன வருடத்துத் தினத்தாளில் சுற்றிய பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார்கள். கை ஒடிந்த இடையருக்கும் ஒரு மூலை கிடைக்கிறது. தட்டில் தூவிய கேழ்வரகு முளைத்துப் புல்வெளியாகிறது. தொட்டி மட்டும் காலியாகவே இருக்கிறது, கிரேச்சோவில் இருந்ததைப் போல. நடுராத்திரிப் பூசை முடிந்து வீடு திரும்பிய பிறகுதான் பாலன் இயேசுவின் சுரூபத்தை வைக்கோலில் கிடத்துகிறார்கள்.

சொந்த ஊரில் இடம் கிடைக்காத அந்தக் குடும்பத்துக்கு, சொந்த ஊர் திரும்பியவர்கள் தங்கள் வீட்டிலேயே இடம் ஒதுக்குகிறார்கள். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் வரை அந்த இடம் அவர்களுக்குத்தான்.