நீர்ம வண்ணப்பிரிகையும் லிப்பிடு அளவீடும்: வரலாறு

லிப்பிடுகள் (கொழுமியங்கள்) நீரில் பெரும்பாலும் கரையாதவை. குளோரோஃபார்ம் போன்ற கரிமக் கரைப்பான்களில் கரைபவை. திசுவிலிருந்து அவற்றை மொத்தமாகக் கரைத்து எடுப்பது எளிது. அந்தக் கலவையில் எது எவ்வளவு உள்ளது என்று சொல்வதுதான் கடினம்.

நீர்ம வண்ணப்பிரிகையைத் தொடங்கி வைத்தவர் ருசியத் தாவரவியலாளர் மிகைல் ஸ்வெட். வார்சாவில் பணியாற்றிய அவர், கால்சியம் கார்பனேட்டுத் தூள் அடைத்த கண்ணாடிக் குழாயில் இலைச்சாற்றை ஊற்றிக் கரைப்பானை வடியவிட்டார். நிறமிகள் தனித்தனி வளையங்களாகப் பிரிந்தன. (நம் வகுப்பறைச் சுண்ணக்கட்டி பெரும்பாலும் ஜிப்சம், அது வேறு பொருள்.) 1903இல் இதுபற்றி உரையாற்றி, 1906இல் முறைக்குப் பெயரும் சூட்டினார். ருசிய மொழியில் 'ஸ்வெட்' என்றாலே நிறம்தான்!

வேதியியலாளர்கள் நம்பவில்லை. தூளில் ஒட்டும்போது நிறமியே சிதைந்துவிடும் என்றனர். ஐயுற்றவர்களுள் 1915இல் நோபல் பரிசு பெற்ற வில்ஸ்டேட்டரும் ஒருவர். ஸ்வெட் 1919இல், 47 வயதில் இறந்தார். ஆயினும் அவருடைய நூலின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு வில்ஸ்டேட்டரிடமே இருந்தது. அது கூன் வழியாக ஹைடெல்பெர்கில் லெடரரின் கைக்கு வந்தது. 1931இல் கூன், வின்டர்ஸ்டைன், லெடரர் மூவரும் முட்டை மஞ்சள் கருவின் நிறமியை லூட்டின், சீயாசாந்தின் என இரண்டாகப் பிரித்தனர். இவ்விரண்டும் லிப்பிடு வகையைச் சேர்ந்தவையே.

1941இல் மார்ட்டினும் சிஞ்சும் பங்கீட்டு வண்ணப்பிரிகையை உருவாக்கினர். 1952இல் நோபல் பரிசு கிடைத்தது. இடையே 1950இல் ஹோவர்டும் மார்ட்டினும் குழாய்த்தூளை நீர் ஒட்டாததாக மாற்றி, 12 முதல் 18 கார்பன் உள்ள கொழுப்பு அமிலங்களைப் பிரித்தனர். இதுவே தலைகீழ் நிலைமை முறை. நீண்ட சங்கிலி எண்ணெய்ப்பரப்பை அதிகம் நாடும். எனவே பிந்தி வெளிவரும்.

பிரித்த பின் அளப்பது எப்படி? அமிலமானால் காரம் கொண்டு தரம்பார்க்கலாம். பெரும்பாலான லிப்பிடுகளுக்கோ நிறமும் இல்லை, புற ஊதாக் கதிரை ஈர்க்கும் திறனும் குறைவு. 1960களின் பிற்பகுதியில் உயரழுத்தக் கருவிகள் வந்த பின்னும் இந்தத் தடை நீங்கவில்லை. மின்தெளிப்பு அயனியாக்கத்தை ஜான் ஃபென் உருவாக்கிய பிறகு, குழாயிலிருந்து வரும் நீர்மத்தை நேராக நிறை நிறமாலைமானிக்குள் செலுத்துவது எளிதாயிற்று.

இன்று இரத்த மாதிரியில், இயற்கையில் காணப்படாத ஒரு லிப்பிடை (டியூட்டீரியம் ஏற்றியது போன்றதை) அறிந்த அளவில் முதலிலேயே கலந்துவிடுவர். பிரித்தெடுக்கையில் ஏற்படும் இழப்பு இரண்டையும் ஒரேபோலத் தாக்குவதால், இரண்டின் சமிக்ஞை விகிதமே அளவைத் தரும். குழாயும் ஓய்வு பெறவில்லை. லூட்டினும் சீயாசாந்தினும் ஒரே மூலக்கூறு வாய்பாடு கொண்டவை. நிறையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றே.