கல்யாணம் முடிக்காத பிள்ளைக்கு எதுக்கு டீச்சர்?

போன கிழமை தரம் 6 பெண் பிள்ளைகளிடம் எச்பிவி தடுப்பூசி ஒப்புதல் கடிதம் கொடுத்தனுப்பினோம். சிலது கையெழுத்து இல்லாமலே திரும்பி வந்தது. ஒரு உம்மா போன் எடுத்துக் கேட்ட கேள்விதான் மேலே உள்ளது. நியாயமான கேள்வி. பதில் சொல்ல நூறு வருசம் பின்னால் போக வேண்டும்.

ஜோர்ஜ் பாப்பனிக்கொலாவ் ஒரு கிரேக்க டாக்டர். 1913இல் மனைவி மேரியுடன் நியூயோர்க் வந்து, ஆரம்பத்தில் கடையில் கம்பளம் விற்றார். பிறகு கினிப் பன்றிகளில் ஆய்வு. கசிவைக் கண்ணாடியில் பூசி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், சுழற்சிக்கு ஏற்ப கலங்கள் மாறுவது தெரிந்தது. மனிதரில் பார்க்க யார் வருவார்? மேரிதான். கணவரின் லேப் வேலையையும் பார்த்துக்கொண்டு, ஏறத்தாழ 20 வருசம் தன் மாதிரியைக் கொடுத்தார். சோதனைக்கு நிலைத்த பெயர் என்னவோ கணவருடையது, 'பாப்'!

கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயை இப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று 1928இல் அவர் சொன்னபோது யாரும் கணக்கெடுக்கவில்லை. ட்ரவுட் என்ற டாக்டருடன் 1941இல் கட்டுரையும் 1943இல் நூலும் வந்த பிறகுதான் நம்பினார்கள்.

ஆனால் நோய் எதனால் வருகிறது? 1970களில் பலரும் ஹெர்பிஸ் வைரஸைச் சந்தேகித்தார்கள். ஜெர்மனியின் ஹரால்ட் சுர் ஹவுசன், இல்லை, மரு உண்டாக்கும் வைரஸ் குடும்பம் என்றார். 1983இல் எச்பிவி 16ஐயும் அடுத்த வருசம் 18ஐயும் இந்தப் புற்றுநோயில் கண்டது அவர் குழு. 1951இல் இதே நோயில் இறந்த ஹென்ரியேட்டா லக்ஸிடம் கேட்காமலே எடுத்து, உலகமெங்கும் ஆய்வுகூடங்களில் வளர்த்த கலங்களிலும் 18 இருந்தது. 2008இல் சுர் ஹவுசனுக்கு நோபல் பரிசு.

அதன் பிறகு தேடும் அடையாளமே மாறியது. முன்பு கலத்தின் உருவம். இப்போது வைரஸின் டிஎன்ஏயையே தேடலாம். வைரஸ் கலத்தின் 'பிரேக்கை' உடைத்தால் பி16 என்ற புரதம் கூடும். சாயமிட்டு அதையும் பார்க்கலாம். தொற்றிலிருந்து புற்றுநோய்க்குப் பொதுவாகப் பத்து வருசத்துக்கு மேல் எடுக்கும். இடையில் பிடித்தால் சுகப்படுத்தலாம்.

அந்த உம்மாவுக்குப் பதிலும் இதில்தான் இருக்கிறது. உடம்பில் ஏற்கெனவே புகுந்த வைரஸை ஊசி அகற்றாது. தாம்பத்தியம் தொடங்க முந்திப் போட்டால்தான் முழுப் பிரயோசனம். அதனால்தான் 2017 முதல் நம் நாட்டில் இந்த வயதில் போடுகிறார்கள்.

உம்மாமாருக்கு ஊசி அல்ல, சோதனை. 35 வயது வந்தவர்களுக்கு எம்ஓஎச் பிரிவின் சுகவனிதையர் கிளினிக்கில் பாப் சோதனை இலவசம். தனியே போகக் கூச்சமென்றால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், நானும் வாறேன். கடிதங்களை வியாழனுக்கு முன் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள்.