இளைப்பு ஆறும் இடம்



ஆங்கில வேதாகமத்தை வாசிக்கும் நம் வாலிபர்கள் என்னிடம் கேட்பதுண்டு: "ஐயா, 'ரெஸ்ட்' என்றால் தூக்கமா, ஓய்வா?" 'ஸ்லம்பர்' கண்ணயர்வு, 'ஸ்லீப்' உறக்கம். 'ரெஸ்ட்' என்பதற்கோ கண்மூடவே வேண்டியதில்லை. ஆனால் 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் அரசர் பதிப்பில் அந்த ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. சிருஷ்டிப்புக்குப்பின் தேவன் ஓய்ந்திருந்ததற்கும் அதுவே. மத்தேயு 11:28இல் ஆண்டவர் வாக்களிப்பதற்கும் அதுவே.

தமிழில் அப்படியில்லை. 1706இல் தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்க் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1715க்குள் அச்சேற்றினார். பின்பு பப்ரிசியுஸ் உழைத்தார்; ஹென்றி பவர் ஐயரின் குழு திருத்தி 1871இல் முழுமையாக வெளியிட்டதே இன்று நம் கையிலிருப்பது. அதில் முதலாவது 'ஓய்வு'. மத்தேயுவில் வருவதோ 'இளைப்பாறுதல்'.

இந்தப் பிரிவை நான் மிகவும் மதிக்கிறேன். ஓய்வு என்பது வேலை நிற்பது. இளைப்பு என்பது சுமையோடு மேடேறுகிறவனுக்கு மூச்சு வாங்குவது. அது புண் ஆறுவதுபோல் மெல்ல ஆறவேண்டும். நம் முன்னோர் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் நாட்டியது இதற்காகவே. வழிப்போக்கனின் பயணம் அங்கே முடிவதில்லை. தலைச்சுமை மட்டும் இறங்குகிறது. (ஈழத்தில் பணி ஓய்வு பெற்ற ஆசிரியரை 'இளைப்பாறிய ஆசிரியர்' என்பார்கள். எத்தனை அழகு!)

தேவாரத்து மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. விடியுமுன் ஜீப்பில் நெருங்கி உட்கார்ந்து ஏலக்காட்டுக்குப் போகும் நம் சகோதரிகள், வளைவுக்கு வளைவு தலை தொங்கத் தூங்குகிறார்கள். 'தூங்கு' என்ற சொல்லின் பழைய பொருளே தொங்குதல்தான். அது தூக்கம், இளைப்பாறுதல் அன்று. தேயிலை, காப்பி, ரப்பர் தோட்டங்களுக்காக வந்த 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வுக்கு விதிசெய்ய இடமளித்தது. ஏலக்காயும் பிற்பாடு அதில் சேர்க்கப்பட்டது. ஆயினும் சட்டம் ஓய்வைத்தான் எழுத முடியும். அந்த ஒரு நாளிலும் தண்ணீர் பிடித்து, துணி துவைத்து, வாரம் முழுவதுக்கும் மாவரைத்து முடித்தபின்பே அவர்கள் ஆலயத்துக்கு வருகிறார்கள்.

ஆகவே பிரசங்கத்தின் நடுவே பின்வரிசையில் ஒரு தலை சாய்ந்தால் நான் குரலை உயர்த்துவதில்லை. பக்கத்தில் இருப்பவர்களே, நீங்களும் முழங்கையால் இடித்து எழுப்பாதிருங்கள்.