நீள நாற்காலியும் ஒரு கழுதையும்

தபால்தலை சேர்ப்பவர்கள் உண்டு. செல்லாக் காசு சேர்ப்பவர்கள் உண்டு. ஒட்டுப்பலகை நாற்காலிகளைத் தேடித் தேடி வாங்குகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்றால் நம்மவர்கள் சிரிப்பார்கள். தேக்கையும் தோதகத்தியையும் பார்த்துப் பழகிய கண்களுக்குப் 'பிளைவுட்' என்றாலே இளப்பந்தான். ஆனால் அந்த நாற்காலிகளின் சரித்திரத்தைப் படித்த பிறகு எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

மரத்தண்டைச் சுழலவிட்டு மெல்லிய ஏடாக உரித்து, ஓர் ஏட்டின் ரேகை நெடுக்காகவும் அடுத்ததன் ரேகை குறுக்காகவும் அடுக்கிப் பசையிட்டு அழுத்தினால் ஒட்டுப்பலகை. அச்சில் வைத்து அழுத்தினால் வளைந்தும் கொடுக்கும். எஸ்தோனியாவின் தாலின் நகரிலிருந்த லூத்தர் ஆலை இதில் பேர்போனது. அதன் பலகையை இங்கிலாந்தில் விற்ற கம்பெனி வெனெஸ்டா. தேயிலைப் பெட்டிகள் அதற்கு முக்கியமான வியாபாரம். இலங்கைத் தோட்டங்களில் நம் ஜனங்கள் கிள்ளிய கொழுந்து கப்பலேறியதும் இந்த மாதிரி ஒட்டுப்பலகைப் பெட்டிகளில்தான்.

அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த ஜாக் பிரிட்சர்டுக்கு ஒரு லட்சியம் இருந்தது. மனிதன் சாமான்களுக்குக் காவற்காரனாக இருக்கக் கூடாது என்பது அது. அவரும் மனைவி மாலியும் லண்டனில் லான் ரோடு குடியிருப்பைக் கட்டினார்கள். வெல்ஸ் கோட்ஸ் வரைந்து கொடுத்த கட்டடம், 1934-ல் திறந்தது. சின்னஞ்சிறு வீடுகள். அலமாரி முதலியவை சுவரோடு சேர்ந்தவை. குடிவருகிறவர் அதிகமாக எதையும் கொண்டுவர வேண்டாம்.

அதிகமாக எதையும் கொண்டுவர முடியாதவர்களே அங்கே வந்து சேர்ந்தார்கள் என்பதுதான் விசேஷம். ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வந்த வால்டர் குரோபியஸ் குடிவந்தார். அடுத்து மார்செல் பிராயர் வந்தார். பிரிட்சர்டின் ஐசோகான் கம்பெனிக்காகப் பிராயர் 1936-ல் செய்து கொடுத்ததுதான் 'நீள நாற்காலி'. தாலினிலிருந்து வந்த வளைபலகையில் இருக்கை. கால் நீட்டிச் சாய்ந்துகொள்ளலாம். 1939-ல் எகோன் ரிஸ் என்ற இன்னோர் அகதி, பென்குவின் மலிவுப் பதிப்புகளை அடுக்குவதற்காக 'பென்குவின் கழுதை' செய்தார். நாலு கால், இரண்டு பக்கமும் பொதி, நடுவே பத்திரிகை செருக இடம்.

கழுதைக்கு ராசியில்லை. சுமார் நூறு செய்வதற்குள் யுத்தம் வந்துவிட்டது. 1940-ல் எஸ்தோனியாவைச் சோவியத் படை பிடித்துக்கொண்டது. பலகை வரவு நின்றது, ஐசோகானும் நின்றது. கட்டடம் மட்டும் நின்றது. 1941 முதல் 1947 வரை அகதா கிறிஸ்டி அங்கே குடியிருந்தார். கிம் பில்பியை ரஷ்ய உளவுக்கு இழுத்த ஆர்னால்ட் டாய்ச்சும் அதற்கு முன்பே அங்கே வாழ்ந்தவர். கதைக்காரி வருமுன்பே கதை குடியேறிவிட்டது!

இன்று அந்த நாற்காலி மியூசியத்தில் இருக்கிறது. அதே மாதிரியில் புதிதும் செய்கிறார்கள். ஆனால் சேகரிப்பவர்களுக்கு 1939-க்கு முந்தியதுதான் வேண்டும். விளிம்பில் ஏடுகள் பிரிந்திருக்கின்றனவா என்று குனிந்து பார்ப்பார்கள். பாலிலிருந்தும் மிருக ரத்தத்திலிருந்தும் எடுத்த பசைகளால் ஒட்டிய காலம் அது; ஈரம் பட்டால் விட்டுப்போகும். ஆகவே வாங்கியவர் உட்காருவதில்லை, பிறரை உட்காரவிடுவதுமில்லை.

சாமான்களிலிருந்து மனிதனை விடுவிக்கப் பிறந்த நாற்காலிக்கு இன்று மனிதன் காவல் இருக்கிறான். பரிகாசமாகச் சொல்லவில்லை. மூன்றே வருஷம் செய்த பொருள், செய்தவர்கள் ஊரிழந்தவர்கள், ஆலை இருந்த நாடே கைமாறியது. அதைக் காப்பாற்றி வைக்க யாராவது வேண்டாமா? வேண்டும். ஆனாலும் சொந்தக்காரரிடம் எனக்கு ஒரு விண்ணப்பம்: வருஷத்தில் ஒரு நாளாவது கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு மலிவுப் பதிப்பைக் கையில் எடுத்து, அதில் காலை நீட்டிச் சாயுங்கள். பிராயர் அதற்காகத்தான் அந்தப் பலகையை வளைத்தார்.